சைக்கிளில் ரோலர் இன்ஜின்: டயரிலிருந்து தொடங்குங்கள்

புல் வெட்டும் மிஷினின் இன்ஜினைச் சைக்கிளில் பூட்டி ஓட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோருமே இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை சிசி, என்ன மைலேஜ், எவ்வளவு வேகம் போகும். டயரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பூட்டி முடித்துப் பத்து நாள் கழித்து அவர்கள் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் டயரிலும் சக்கரத்திலும்தான் போய் முடிகின்றன. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் தலைகீழாகப் போகும். இன்ஜினைப் பூட்டுவது சக்கரத்துக்குப் பிறகுதான் வரும்.

அமைப்பு எளியது. இன்ஜின் சுற்றும் தண்டில் ஒரு சிறிய இரும்பு உருளை இருக்கிறது. நாம் ரோலர் என்கிறோம். அது பின் டயரின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். ரோலர் சுற்றினால் உராய்வில் டயரும் சுற்றும். செயின் கிடையாது, கியர் கிடையாது. 1946-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் வண்டியும் இதே தத்துவம்தான். அதில் இன்ஜின் முன் சக்கரத்தின் மேல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 1988 வரை பிரான்சில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கிட்டாகப் பெட்டியில் வரவழைத்தாலும் சரி, லேத் பட்டறையிலும் வெல்டிங் பட்டறையிலும் சொல்லிச் செய்தாலும் சரி, உள்ளே இருப்பவை ஒன்றுதான்: இன்ஜின், அதன் கிளட்ச்சை உள்ளே வாங்கிக்கொள்ளும் டிரம், ரோலர், ரோலரைத் தாங்கும் பேரிங், எல்லாவற்றையும் பிடிக்கும் ஓர் இரும்புச் சட்டம் (ஃபிரேம்), சட்டத்திலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் இரண்டு பட்டைகள், முன்பக்கக் கிளாம்ப், ஆக்சிலரேட்டர் கேபிள், இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்.

வாங்குமுன் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். நான்குக்கும் குறைவான சக்கரங்கள் உள்ள வண்டியில் 25 சிசிக்கு மிகாத இன்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 43, 52 சிசி இன்ஜின்களைப் பூட்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு எண், காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய ஒன்றைப் பதிவு செய்யலாம் என்று கனவு காணாதீர்கள். சொந்தத் தோட்டத்துக்குள் வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளலாம்.

அதனால் இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹோண்டா ஜிஎக்ஸ்25 என்ற நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். புல் வெட்டும் மிஷின்களில் வருவது. சிலிண்டர் விட்டம் 35 மி.மீ, பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 26 மி.மீ. (பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் 25.01 வருகிறது. தயாரிப்பாளரின் தாளில் 25 என்றுதான் இருக்கிறது. அந்தத் தாளின் நகல் ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்தினால் அதுதான் பேசும்.) நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 0.72 கிலோவாட் தருகிறது. ஒரு குதிரைசக்தி என்று வைத்துக்கொள்ளலாம். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள்.

ரோலர் அளவு

இதில் அவசரப்படாதீர்கள். ரோலர் இன்ஜினில் சக்கரத்தின் அளவு வேகத்தை மாற்றாது. 26 அங்குலச் சக்கரமானாலும் 28 ஆனாலும், ரோலரின் சுற்றளவு எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் டயர் நகரும். ரோலர் விட்டம்தான் உங்கள் கியர்.

25 மி.மீ விட்டமுள்ள ரோலர் ஒரு சுற்றுக்கு 78.5 மி.மீ தள்ளும். 7,000 சுற்றில் மணிக்கு 33 கி.மீ. 32 மி.மீ ரோலர் என்றால் அதே சுற்றில் 42 கி.மீ. இதைக் கேட்டதும் எல்லோரும் 32 வேண்டும் என்பார்கள். பொறுங்கள். இன்ஜினின் முறுக்கு விசை 1 நியூட்டன் மீட்டர். 25 மி.மீ ரோலர் அதை டயரின் விளிம்பில் ஏறத்தாழ 8 கிலோ தள்ளுவிசையாக மாற்றும். 32 மி.மீ ரோலரில் ஆறரை கிலோகூட வராது. ஆள், சைக்கிள், கிட் எல்லாம் சேர்ந்து 95 கிலோ என்றால், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேம்பாலத்தில் புவியீர்ப்பு மட்டும் நாலே முக்கால் கிலோ பின்னுக்கு இழுக்கும். சாலையின் உராய்வும் எதிர்க்காற்றும் தனி. இரண்டு ரோலருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கிளட்ச் சுழற்சி வேகத்தில் தானாக விரிந்து பிடிப்பது. ஏறத்தாழ 4,000 சுற்றுக்கு மேல்தான் முழுசாகப் பிடிக்கும். 25 மி.மீ ரோலரில் 4,000 சுற்று என்றால் மணிக்கு 19 கி.மீ. அதாவது நீங்கள் அந்த வேகத்தை நெருங்கும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும். 32 மி.மீ ரோலரில் அது 24 கி.மீ ஆகிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து இன்ஜினாலேயே கிளம்பலாம் என்று நினைப்பவர்கள் கிளட்ச்சைக் கருக்கியே பழகுகிறார்கள். மிதித்து 15 கி.மீ வேகம் வந்த பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். இது மொபெட் இல்லை, மிதிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கைத்தாங்கல்.

புதிதாகச் செய்பவருக்கு என் யோசனை 25 முதல் 28 மி.மீ. அதற்கும் சின்னதாகப் போனால் டயரோடு தொடும் பரப்பு குறைந்து வழுக்கும், டயரும் சீக்கிரம் தேயும்.

ரோலரின் மேற்பரப்பு லேத்தில் லேசாக நர்லிங் (குறுக்கும் மறுக்குமான மெல்லிய வரிகள்) போட்டது போதும். பிடிப்பு வேண்டுமென்று வெல்டிங் புள்ளிகள் வைத்துச் சொரசொரப்பாக்குவார்கள் சிலர். அது டயரைத் துருவித் தள்ளிவிடும், தேங்காய்த் துருவல் மாதிரி.

சக்கரத்தைத் தயார் செய்வது

கிட்டைக் கையில் எடுக்குமுன் பின் சக்கரத்தைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கோட்டம் மட்டும் எடுத்தால் போதாது, மேல் கீழ் கோட்டமும் எடுக்க வேண்டும். வழக்கமாகக் கடைக்காரர் பக்கக் கோட்டம் மட்டும் எடுப்பார், ஏனென்றால் பிரேக்குக்கு அதுதான் முக்கியம். நமக்கு மேல் கீழ்தான் உயிர். சக்கரம் ஓரிடத்தில் 2 மி.மீ உயர்ந்திருந்தால் அங்கே ரோலர் கூடுதலாக அழுத்தும், எதிர்ப்பக்கம் தளரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தட் தட்’ என்று அடிக்கும். ஸ்போக்குகள் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.

டயர். கட்டை கட்டையாக இருக்கும் மலைச் சைக்கிள் டயர் ஆகவே ஆகாது. நான் முதன்முதலில் பூட்டியது அப்படி ஒரு டயரில்தான். ஊர் முழுக்க ‘உர்ர்ர்’ என்ற சத்தம், இரண்டாவது வாரத்தில் நடுவில் இருந்த கட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து சட்டையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தன. நடுப்பகுதி தொடர்ச்சியாக வழவழப்பாக உள்ள சாலை டயரை வாங்குங்கள். நம்மூர் சாதாரண 28 × 1½ சைக்கிளில் வரும் டயரே பரவாயில்லை, நடுவில் கோடுகள் மட்டும்தான் இருக்கும். டயர் ரிம்மில் சுற்றிலும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எங்கும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும்.

காற்று டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவுக்கு இருக்கட்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ‘போதும்’ என்பது இங்கே செல்லாது. அளவுமானியுள்ள பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள், ஓட்டும் நாளெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

பிரேக்கையும் இப்போதே பாருங்கள். பழைய கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் 30 கி.மீ வேகத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். முன் சக்கரத்துக்கு நல்ல கேபிள் பிரேக், புதிய ரப்பர் கட்டைகள். இது இல்லாமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

பூட்டுவது

இன்ஜின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? ஜிஎக்ஸ்25-இன் தண்டு, தண்டின் முனையை நேராகப் பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். டயரின் மேல் விளிம்பு முன்னோக்கி ஓட வேண்டும். அதைத் தொடும் ரோலரின் அடிப்பாகமும் முன்னோக்கித்தான் ஓட வேண்டும். அப்படியானால் இன்ஜின் சைக்கிளின் இடப்பக்கம் இருந்து, தண்டு வலப்பக்கம் நீட்டிக்கொண்டு டயரின் மேல் வர வேண்டும். செயின் இருப்பது வலப்பக்கம் என்பதால் இது வசதியும்கூட. மாற்றிப் பூட்டிவிட்டு ‘இன்ஜின் பிரேக் பிடிக்கிறது’ என்று என்னைக் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு.

கேரியரின் மேல் நேராக வைத்து போல்ட் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கேரியரின் கம்பிகள் மூட்டை தாங்கச் செய்தவை, அதிர்வைத் தாங்க அல்ல. சட்டத்தின் இரண்டு பக்கமும் 25 × 5 மி.மீ இரும்புப் பட்டை ஒவ்வொன்று பின் ஆக்சில் வரை இறங்கி, ஆக்சில் நட்டிலேயே மாட்ட வேண்டும். எடை முழுவதும் அங்கே இறங்கும். முன்பக்கம் சீட் குழாயிலோ அதிலிருந்து பின்னால் இறங்கும் இரண்டு குழாய்களிலோ யூ போல்ட் கிளாம்ப். குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் இடையே பழைய ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள், பெயின்ட்டும் பிழைக்கும், கிளாம்ப்பும் நழுவாது.

முன் கிளாம்ப்பின் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். ரோலர் டயரை முன்னால் தள்ளும்போது டயர் ரோலரைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே ஏற்றத்தில் இன்ஜின் முழுவதும் பின்னோக்கி நழுவப் பார்க்கும். இந்த இழுவையைத் தாங்குவது முன் கிளாம்ப்தான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பட்டையில் நீளத் துளை இருக்கும். அந்தத் துளையில் போல்ட் இறுக்கத்தை மட்டும் நம்பினால் ஒரு வாரத்தில் இறங்கி ஏறிவிடும். பக்கத்தில் பட்டை நகராதபடி முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தள்ளு போல்ட் வைத்து, லாக் நட் போட்டுவிடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் நைலான் பூட்டுள்ள நட்டுகள்.

ரோலர் இரண்டு பக்கமும் பேரிங்கில் தாங்கப்பட்டிருப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் தாங்கும் கிட் மலிவு. ஆனால் டயரின் அழுத்தத்தில் தண்டு மெல்ல மேலே வளையும். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 6001 பேரிங் 12 மி.மீ தண்டுக்குச் சரியாக வரும், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும்.

இனி நேர்த்தி. ரோலர் ஆக்சிலுக்கு இணையாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தாலும், பின்னாலிருந்து பார்த்தாலும். ரோலரின் இரண்டு முனையிலிருந்தும் ஆக்சிலுக்கு நூல் பிடித்து அளந்து பாருங்கள். பின்னர் டயரில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ரோலரை மெதுவாக இறக்கிச் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ரோலர் பட்ட இடத்தில் சாக்பீஸ் அழிந்த தடம் டயரின் நடுவில் ஒரே அகலமாக ஓட வேண்டும். ஓரமாக ஒதுங்கினாலோ, அகலம் மாறினாலோ சட்டத்தைத் தளர்த்தி மறுபடி. இந்த ஒரு வேலைக்கு நான் ஒரு மாலை முழுவதும் செலவழித்திருக்கிறேன், வருத்தமில்லை.

அழுத்தம்: ரோலர் டயரைத் தொட்ட நிலையிலிருந்து 3 மி.மீ கீழே இறக்கித் தொடங்குங்கள். வழுக்கினால் அரை மி.மீ ஆகக் கூட்டுங்கள். 5-ஐத் தாண்ட வேண்டியிருந்தால் குறை அழுத்தத்தில் இல்லை, காற்றிலோ டயரிலோ இருக்கிறது. ரோலரைத் தூக்கி நிறுத்த ஒரு லீவர் இருந்தால் பெரிய நிம்மதி. இன்ஜின் நின்றிருந்தாலும் ரோலர் டயரோடு உரசிக்கொண்டுதான் இருக்கும், சும்மா மிதிப்பது மணலில் மிதிப்பது போலிருக்கும்.

மட்கார்டில் ரோலருக்கு வேண்டிய அளவு மட்டும் வெட்டுங்கள், முழுதாகக் கழற்றாதீர்கள். சைலன்சரின் வாய் டயரையோ தொடையையோ பார்க்கக்கூடாது. ஆக்சிலரேட்டர் கேபிள் ஹேண்டிலை முழுதாக இரண்டு பக்கமும் திருப்பினாலும் இழுபடாமல் இருக்க வேண்டும். நிறுத்தும் சுவிட்ச் கட்டைவிரல் எட்டும் இடத்தில். கேபிள் சிக்கி இன்ஜின் அலறும்போது உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

முதல் ஓட்டம்

இன்ஜினுக்கு 80 மி.லி. ஆயில். 10டபிள்யூ-30 போதும். அளவு பார்த்து ஊற்றுங்கள், கூடினால் ஏர் ஃபில்டர் நனைந்து புகை கக்கும். நாலு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கக்கூடாது. முதல் ஆயில் மாற்றம் ஒரு மாதத்திலோ 10 மணி நேர ஓட்டத்திலோ, எது முந்துகிறதோ அப்போது. பிறகு ஆறு மாதம் அல்லது 50 மணி நேரம். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, ரோலரைத் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்து, சுவிட்ச்சில் அணைகிறதா என்று மூன்று முறை பாருங்கள். பிறகு ஆளில்லாத நேரான சாலை. முதல் இரண்டு கிலோமீட்டர் பாதி ஆக்சிலரேட்டர் மட்டும். திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். பத்துக் கிலோமீட்டரில் மறுபடி.

வரும் தொல்லைகள்

இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. ரோலர் வழுக்குகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். ரோலரைச் சுற்றிக் கறுப்பு ரப்பர்த் தூள் படிந்திருந்தால் ரோலர். தூள் இல்லை, டிரம் கை வைக்க முடியாமல் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச். ரோலர் என்றால் காற்று, அழுத்தம், ஈரம் என்ற வரிசையில் பாருங்கள். கிளட்ச் என்றால் பெரும்பாலும் ஓட்டும் முறைதான் காரணம், மிதிக்காமல் கிளம்புகிறீர்கள். அதுவும் இல்லையென்றால் கிளட்ச் கட்டைகளில் ஆயில் பட்டிருக்கிறதா பாருங்கள்.

டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது. ரோலர் சாய்ந்திருக்கிறது. சாக்பீஸுக்குத் திரும்புங்கள்.

ட்யூப்பின் வால்வு சாய்ந்து நிற்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மிக முக்கியமான எச்சரிக்கை. காற்று குறைந்த டயரை ரோலர் தள்ளும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ட்யூப்பையும் கூடவே இழுத்துப் போகும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு சாயும். ஒரு நாள் வேரோடு பிய்ந்துவிடும், அந்த ட்யூப்புக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. எனக்கு அது நடந்தது இரவு ஒன்பது மணிக்கு, வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால். இப்போதெல்லாம் காற்று அடிக்கும்போது வால்வைப் பார்க்காமல் விடுவதில்லை. சாய்ந்திருந்தால் காற்றை முழுதாக இறக்கி, டயரைப் பின்னால் திருப்பி நேராக்கி, மறுபடி அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் அணைகிறது. சோக் திறந்திருக்கிறதா? அடுத்து ஏர் ஃபில்டர், டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர். ஐந்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்றால் டேங்க்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது.

ஸ்டார்ட்டே ஆகவில்லை, பிளக்கில் பொறி இல்லை. நிறுத்தும் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் ஒயர் எங்கோ உரசி, தோல் உரிந்து, சட்டத்தில் படுகிறது. மேடு பள்ளத்தில் மட்டும் விட்டுவிட்டு இழுத்தாலும் இதையே சந்தேகப்படுங்கள். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் வண்டி இழுக்கிறது. ஐடில் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) அதிகமாக இருக்கிறது அல்லது கேபிளில் தளர்வு இல்லை. சுமார் 3,100 சுற்றில் ஐடில் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்தும் இழுத்தால் கிளட்ச்சின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற ஆக்சில் நட்டிலிருந்து பட்டைகளையும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், பட்டை நீளத் துளையில் எந்த இடத்தில் நின்றிருந்தது என்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பஞ்சருக்கும் நூலும் சாக்பீஸுமாக உட்கார வேண்டியதுதான். பையில் ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் இரண்டு, ஒரு மாற்று ட்யூப்.

மழைக்கு மட்டும் மருந்தில்லை. ஈர டயரில் இரும்பு ரோலர் சோப்பு தேய்த்ததுபோல் வழுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் மழை நின்றதும் டயரைத் தின்னும். தூறல் விழுந்ததும் சுவிட்ச்சை அணைத்து, ரோலரைத் தூக்கி வைத்துவிட்டு மிதியுங்கள்.